பேஸ்புக் லைவ்வில் நான் பேசிய பேச்சு

காத்தான்குடி.

அன்பு மகன் ஷாமிலுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், உம்மாவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை, நீயும் டோஹாவில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். பெருநாளுக்குக்கூட நீ என் போனை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். லீவில் வந்து நின்ற உன் மச்சான் ஸாஜித் நாளைக்குத் திரும்புகிறான், அவனுடைய பெட்டியில் கருவாட்டோடு இந்தக் கடிதத்தையும் வைத்துவிடுகிறேன்.

நீ பார்த்த அந்த லைவ்வைப் பற்றித்தான் எழுத வந்தேன். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், நம் உடுப்புக் கடையில் சனம் நெரிபடுகிற நேரம், லைவ்வில் உடுப்புக் காட்டிப் பேசுகிறவன் காய்ச்சலில் வரவில்லை. நான் பின்னறையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த அஸ்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கெமராவுக்கு முன்னால் நிறுத்தினேன். எனக்கு ஏலா ஹாஜியார், எனக்கு ஏலா என்று கெஞ்சினான். கூச்சம்தானே, நிறுத்திவிட்டால் தானாகப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் கையில் ஒரு சாரனை விரித்துப் பிடித்தபடி வியர்த்து ஒழுக நின்றான், ஒரு சொல் வரவில்லை. நான் மைக்கை வாங்கி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்காய் என்று கேட்டேன். பார்த்தவர்களெல்லாம் சிரிப்புக் குறி போட்டார்கள், எனக்குத் தலைக்கேறிவிட்டது. என்ட மகனும் இப்பிடித்தான், கூட்டத்தில வாயத் திறக்காம இருந்து வந்த புரமோசனையும் உட்டுப்போட்டு நிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். நீ மனம் உடைந்து எனக்கு மட்டும் சொன்ன விஷயம் அது மகன். உன் அறைப் பொடியன்மாரும் பார்த்தார்கள் என்று ஸாஜித் சொன்னபோது நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. சீ, இதெல்லாம் ஒரு வாயா?

அஸ்கர் அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அவன் இருப்பது பெண்சாதி வீட்டில், மாமா மாமி மச்சான்மார் எல்லோரும் ஒரு போனைச் சுற்றியிருந்து பார்த்திருக்கிறார்கள், அவன் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்த்திச் சோறு தின்பான்? இங்கே கடையில் வட்சப்பில் ஓடர் தருகிறவர்கள் அஸ்கர் தம்பி எங்க என்று கேட்டபடி. அவன் வாயால் பேசாததையெல்லாம் அங்கே ஆற அமர எழுதிப் பேசியிருக்கிறான், நான்தான் அதைப் பேச்சாகக் கணக்கெடுக்கவில்லை. அப்போதும் எனக்குப் புத்தி வந்ததா? இன்னொரு லைவ் போட்டு ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் பெண்சாதி முப்லிஹாதான் வந்து, அத மட்டும் செஞ்சிராதீங்க ஹாஜியார், திரும்பவும் அவர்ர பேர எல்லாருக்கும் முன்னால எடுத்தா மனிசன் ஊர உட்டே போயிருவார் என்றாள். மன்னிப்புக் கேட்கவும் எனக்குச் சபை தேவைப்பட்டிருக்கிறது, பார். சொல்ல வேண்டியத அவர்ட்ட தனியச் சொல்லுங்க, பதிலுக்குக் காத்து நிக்காதீங்க, அவர் யோசிச்சுத்தான் சொல்லுவார் என்றும் சொன்னாள். பின்வளவில் கிணற்றடியில் நின்றவனிடம் போய், பிழை என்னுடையதுதான் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து வட்சப்பில் எழுதினான். வாறன் ஹாஜியார், ஆனா கெமராவுக்கு முன்னால நிக்க ஏலா என்று. இப்போது பின்னறையில் ஓடர் முழுவதும் அவன் பொறுப்பு, எனக்கு ஏதும் கேட்க வேண்டுமென்றாலும் எழுதித்தான் கேட்கிறேன். அந்த வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் நேற்றும் தேத்தண்ணிக் கடையில் யாரோ அவனைக் கொழுக்கட்டை என்று கூப்பிட்டான். அதை நான் எதைக் கொண்டு அழிப்பது?

மகன், கூட்டத்தில் இப்படிப் பேசு அப்படிப் பேசு என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. உன்னிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, என்னை மன்னித்துக்கொள். பதில் உடனே வேண்டாம். இனி நீ என்னை நம்பி ஏதும் சொன்னால் அது என்னோடுதான் கபுறுக்குப் போகும்.

வெயிலுக்குள் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உனக்குப் போன் அடிப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம் மகன், எடுத்துக் காதில் வைத்தால் போதும். நானும் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
உசனார்