டீச்சர் வீட்டுக் கொல்லையில் மஞ்சள் பூ

கீழக்குயில்குடி,
12.5.1979

அன்புள்ள மச்சானுக்குச் சோலையம்மாள் எழுதுவது. இங்கு மாமா, அத்தை, நாத்தனார் பாண்டியம்மாள் எல்லோரும் சௌக்கியம். குன்னூர்க் குளிரில் உங்கள் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? கண்மாயில் தண்ணீர் வற்றிவிட்டது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது.

கல்யாணமாகி மூன்று வருஷமாக மாமா பெயருக்குத்தான் கடிதம் போடுவீர்கள். கடைசி வரியில் சோலைக்கும் சொல்லவும் என்று இருக்கும். இந்தத் தடவை என் பெயருக்கே வந்ததும் தபால்காரர் முன்னாலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. வழக்கம்போல மாமா அதை வாங்கிப் பாண்டியம்மாளை உரக்க வாசிக்கச் சொன்னார். நாலு பக்கமும் ஒரு பூவைப் பற்றி! “என்னத்தா, இம்புட்டும் பூவப் பத்தியா எழுதிருக்கான்?” என்று கேட்டுவிட்டு மாமா எழுந்து போய்விட்டார். கவரில் உங்கள் பெயரை நான் எழுதக்கூடாதே, அதைப் பாண்டியம்மாள் எழுதுவாள். உள்ளே இருப்பதை அவளுக்குக் காட்ட மாட்டேன்.

வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து கொண்டுவந்த அந்த மஞ்சள் பூச்செடி வேலி தாண்டி, நீங்கள் வேலை பார்க்கும் தண்டவாளச் சரளைக்கல்லில்கூடப் பூக்கிறது, சரி. சர்ச் சுவர் இடுக்கில் பூக்கிறது, சரி. எஸ்தர் டீச்சர் வீட்டுக் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் கொத்துக்கொத்தாக நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்டவாளத்தில் வேலை பார்க்கிறவருக்கு டீச்சர் வீட்டுக் கொல்லையில் என்ன வேலை? பூவை இரண்டு விரலால் அமுக்கினால் வாய் திறக்கும் என்று டீச்சர் காட்டினார்களாமே. அப்போது பூ யார் கையில் இருந்தது?

எனக்கு வயிறு எரிகிறது மச்சான், மறைக்க மாட்டேன். கடிதத்தோடு வைத்து அனுப்பிய காய்ந்த பூவை அடுப்பில் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். எனக்கென்று நீங்கள் அனுப்பியது அது ஒன்றுதான்.

உங்களுக்குச் சமைத்துப்போட ஆளில்லை என்று சொல்லி மாமாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். வருகிற 21-ம் தேதி திங்கட்கிழமை அவரே கூட்டிக்கொண்டு வருகிறார். காலை ரயிலுக்கு வந்து நில்லுங்கள். முதலில் என்னை டீச்சர் வீட்டுப் பக்கம் கூட்டிப்போங்கள். நான் உள்ளே வர மாட்டேன், ரோட்டில் நின்றுதான் பார்ப்பேன். அங்கிருந்தே அந்தப் பூ கண்ணில் பட்டால், நீங்களும் ரோட்டில் நின்றுதான் பார்த்தீர்கள் என்று நம்பி, ஊர் பார்க்க உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன்.

கண்ணில் படவேண்டும் என்று மலையடிக் கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சோலையம்மாள்