ஜெயபாண்டிக்காகச் சொன்ன சாட்சி

வில்லாபுரம், மதுரை
ஞாயிறு மாலை

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அந்த வரி வர மறுக்கிறது. அப்பாவும் நானும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஆக்லாந்தில் குளிர் என்றாயே, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே.

தம்பி போன பிறகு, இனிமே எனக்காக ஜெபம் பண்றேன்னு சொல்லாதீங்கம்மா என்று போனில் சொன்னாய். நான் பதில் பேசத் தொடங்கினாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் கோபம் எனக்கும் உண்டு. போன ஐப்பசி மழையில் உன் தம்பி ஜெயபாண்டிக்கும் மளிகைக்கடை சிவபாண்டி அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் டெங்கு, ஒரே ஆஸ்பத்திரி. சபையார் இரண்டு பேருக்காகவும் சேர்த்துத்தான் உபவாசம் இருந்தார்கள். அண்ணன் நடந்து வீட்டுக்கு வந்தார், தம்பி வரவில்லை. அடுத்த மாதமே அவர் சபையில் எழுந்து, ஆண்டவர் ஜெபத்தக் கேட்டாரு, என்னயக் கைவிடல என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், உள்ளங்கை எரிந்தது. அப்படியென்றால் என் ஜெபத்தை ஆண்டவர் என்ன செய்தார்? வாசலில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, வீட்ல விசுவாசம் கொறஞ்சிருக்கும் டீச்சர், யோசிச்சுப் பாருங்க என்றாள். அப்பா அன்றோடு சபைக்கு வருவதை விட்டுவிட்டார்.

போன ஞாயிறு நானே எழுந்தேன். எம் மகனுக்காக நீங்க எல்லாரும் அழுதீங்க, அவன் பிழைக்கல, இதுவும் சாட்சிதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. பிறகு போதகர் தனியே கூப்பிட்டு, புதுசா வர்றவங்க இருக்காங்கம்மா, விசுவாசத்தப் பலப்படுத்துற மாதிரி பேசலாமே என்றார். ஸ்கூல் ஆண்டு விழாவுல பரிசு வாங்கின பிள்ளைங்களத்தான் கூப்பிடுவோம் ஐயா, ஆனா தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது ஃபெயிலான பிள்ளை பேரையும் விடமாட்டோம், நீங்க வருசம் பூரா ஆண்டு விழாவே நடத்துறீங்க என்றேன். வெளியே செருப்பு மாட்டும்போது, செல்லூரில் தறி ஓட்டும் பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எம் மக போயி எம்புட்டோ வருசமாச்சு டீச்சர், நம்ம மாதிரி ஆளுகளும் எந்திரிக்கலாம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு என்று அழுதாள். இன்று அவள் எழுந்து, மகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இதை அற்புதம் என்று நான் சொல்லமாட்டேன். என் கசப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் சிலுவையில் தொங்கியவரும் பதில் வராமல்தானே கதறினார், அவரிடம் மட்டும் என்னால் பேச முடிகிறது. எதுவும் கேட்பதில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் சொல்வதுபோல, உள்ளேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதைச் சொன்ன நாளில் சோறு இறங்குகிறது. சில நாள் அதுவும் வாயில் வருவதில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும், இதை எழுதாமல் முடிக்க என்னால் ஆகாது, பொறுத்துக்கொள். ஐப்பசியில் தம்பியின் நினைவு நாள், லீவுக்கு இப்போதே சொல்லி வை. நீ ஜெபிக்க வேண்டாம், பாட வேண்டாம், கல்லறைப் பக்கம் வந்து நின்றால் போதும். அங்கே முதலில் அவன் பெயரைக் கூப்பிடுவேன், அடுத்து உன் பெயரை. அவனிடமிருந்து பதில் வராது. நீயாவது சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னக்கொடி