பட்டியலில் ராய்ஸ்

பிப்ரவரி 9, ஞாயிறு

போய்விட்டேன். ஊர்ப் பாட்டுக் குழுவுக்கு. வழியில் இரண்டு முறை காரைத் திருப்பப் பார்த்தேன்.

பயந்த மாதிரி குரல் சோதனையெல்லாம் இல்லை. கோய் மேடக்ஸ் என்ற நெட்டை மனிதர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். "பேசறப்பவே கட்டைக் குரலா இருக்கே தங்கச்சி, ஆல்ட்டோ வரிசையில போய் உக்காரு" என்றார். அவ்வளவுதான் தேர்வு. கேட்க வருகிறவர்கள் என்று யாரும் கிடையாது. குரலுக்கு ஒன்றாக நான்கு வரிசையும் சதுரமாக நடுவைப் பார்த்து உட்கார்ந்து, இருநூறு வருஷத்துப் பழைய பாட்டுகளை ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர் அடித்தொண்டையில் பாடுகிறார்கள். காது அடைத்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் வெர்லீன். அறுபத்தெட்டு வயது. பெயரை அவர் சொல்லுமுன்பே எனக்குத் தெரியும். போன ஜூனில் செய்தித்தாளில் படத்தோடு வந்ததே, ஹாய்ட்டின் மனைவி. ஓடைப் பாலத்தில் மோதிய பிக்கப் வண்டியை ஓட்டியவன் என் தம்பி ராய்ஸ். குடித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாய்ட் அங்கேயே போய்விட்டார். ராய்ஸ் ஆறு மாதம் படுக்கையில் கிடந்து ஜனவரியில் போனான்.

"நேடீன்" என்று மட்டும் சொன்னேன். கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறியது இன்றைக்கு உதவியது. தம்பி வீட்டில் தங்கியிருந்தாலும் நான் மெம்பிஸ்காரி, இங்கே அலபாமாவில் என் முகம் யாருக்கும் தெரியாது.

எதற்குப் போனேன்? எழுதியே வைக்கிறேன். ராய்ஸ் ஒன்பது வருஷம் அங்கே பேஸ் என்ற ஆண்களின் அடிக்குரல் வரிசையில் ஹாய்ட்டுக்குப் பக்கத்தில் பாடியவன். அவனைப் புதைத்தபோது நானும் குழி வெட்டியவர்களும்தான். ஒரு பாட்டுக்கூட இல்லை. ஜூனில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை நடுவில் நின்று வாசித்து, அவர்களுக்காகப் பாடுவார்களாம். அதில் அவன் பெயர் வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 16

தொண்டை கட்டிவிட்டது. வெர்லீன் அக்கா தன் பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 9

முதலில் ஸ்வரத்தைப் பெயர் சொல்லிப் பாட வேண்டும், அப்புறம்தான் வார்த்தை. எனக்கு எல்லாமே அரை நொடி பின்னால் வருகிறது. அக்கா முழங்கையால் இடித்தார். "பாட்டைத் துரத்திக்கிட்டு ஓடாத நேடீன். அது பஸ் இல்ல, போயிடாது."

சிரித்தேன். நிஜமாகவே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, ராய்ஸின் கட்டிலில் உட்கார்ந்து, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தப் பொம்பளையை உனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் செய்துகொண்டிருக்கிறாய்.

ஏப்ரல் 6

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

எல்லோரும் ஒரு முறை நடுவில் நின்று பாட்டை நடத்த வேண்டும். பாட்டுக்குப் பெயர் சொல்வதில்லை, பக்க எண்ணைச் சொன்னால் போதும். இன்றைக்கு என் முறை. ராய்ஸ் எப்போதும் ஒரு மெட்டை விசிலடிப்பான், எண்ணைக்கூடச் சொல்லியிருந்தான். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். "முந்நூத்திப் பன்னெண்டு" என்றேன்.

ஒருவரும் புத்தகத்தைப் புரட்டவில்லை. கோய் அண்ணன் மெதுவாக, "வேற சொல்லும்மா" என்றார். அது ஹாய்ட்டின் பாட்டாம். ஒருவர் போய்விட்டால் அவர் பாட்டை வீட்டுக்காரர்கள் கேட்கும்வரை வேறு யாரும் கேட்கக் கூடாதாம். எனக்கு எப்படித் தெரியும்?

"புதுசு, தெரியாம சொல்லிட்டா, விடுங்க" என்றார் அக்கா. நான் வந்து உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்த நம்பர் உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

யாரோ. என் கூடப் பிறந்தவனை யாரோ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 7

சாப்பாடு இறங்கவில்லை.

மே 4

மதியச் சாப்பாட்டு மேஜையில் பெயர் எழுதும் தாள் சுற்றி வந்தது. பட்டியலை வாசிக்கப்போவது இந்த வருஷம் வெர்லீன் அக்காவாம், எல்லோருமாகக் கேட்டுக்கொண்டார்களாம். முதல் பெயர் ஹாய்ட். நான் கடைசியில் எழுதினேன் - ராய்ஸ் டார்ப்ளி. தாளை அவரிடமே கொடுத்தேன், வேறு வழி?

படித்தார். மடித்தார். பொரித்த கோழித் தட்டை மூடி, கார் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ராய்ஸ் உனக்கு யாரு?"

"தம்பி."

"மூணு மாசம். மூணு மாசமா என் தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்க."

"சொல்லியிருந்தா மொத நாளே என்னை வெளிய போன்னு சொல்லியிருப்பீங்க அக்கா."

"சொல்லியிருப்பேன். சொல்ற உரிமை எனக்கு இருந்துச்சில்ல? அதையும் எடுத்துக்கிட்டியே." கார்க் கதவைத் திறந்தார். "'பத்திரமா வீட்ல விடறேன் அக்கா'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தான் உன் தம்பி."



மே 11

போகவில்லை.

மே 25

இன்றும் போகவில்லை. கோய் அண்ணன் போன் செய்தார். "எழுதின பேரை யாரும் அடிக்கக் கூடாது தங்கச்சி, அது எங்க வழக்கம். ஆனா வாசிக்கறது அவ. அந்த எடத்துல அவ தாண்டிப் போயிட்டா, நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். அதுவும் தெரிஞ்சுக்க."

"நான் வரலாமா?"

"வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. வான்னும் யாரும் சொல்லல."

ஜூன் 7

நாளைக்கு. அவர் தாண்டிவிட்டால் என்ன செய்வேன்? எழுந்து கத்தப் போகிறேனா? என்ன முகத்தோடு கத்துவேன்? செத்துப் போனது அவங்க புருஷன். ஆனா அவனும்தானே செத்தான். அவனும்தானே.

ஜூன் 8

போனேன். ஆல்ட்டோ வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்கா நடுவில் நின்று ஹாய்ட்டின் பெயரை வாசித்தார், குரல் ஆடவில்லை. அப்புறம் ஆறு பெயர்கள். அப்புறம் நின்றுவிட்டார். தாளை மடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நேராக என்னிடம் நடந்துவந்து தாளை நீட்டினார்.

"என் வாயில வரல. நீ வாசி."

நான் எழுந்து நின்று வாசித்தேன். ராய்ஸ் டார்ப்ளி. ஒன்பது வருஷம் அவன் உட்கார்ந்திருந்த பேஸ் வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லோரும் பாடினார்கள், எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டு. எனக்கு ஒரு வரிகூட வரவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை வெளியேயும் போகவில்லை.

ஜூன் 15

போனபோது ஆல்ட்டோ வரிசையில் என் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியும் காலி. அக்கா எதிர்ப்பக்கம், உச்சக் குரல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில். அந்தச் சுருதி அவருக்கு எட்டாது. மூன்றாவது பாட்டிலேயே குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பாடினார்.

கோய் அண்ணனிடம் கேட்டேன். என்னை வேறு வரிசைக்கு மாற்றிவிடலாமே, அவர் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

"நானும் அதத்தான் சொன்னேன். 'அவளுக்கு இப்பதான் ஆல்ட்டோ வருது, கலைக்காத'ன்னுட்டா."