தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள்

ஆவாரங்குளம் காலனி,
மதுரை.
11.6.2006

அன்புள்ள மீனலோசனிக்கு,

அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். நீயும் மாப்பிள்ளையும் ஸ்ரீவர்ஷினியும் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். ஆக்லாந்தில் இப்போது குளிராமே, குழந்தையைக் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. எனக்கு மூட்டு வலி இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். வீடு விற்றாயிற்றா, டிக்கெட் எடுக்கட்டுமா என்று போனில் கேட்டாய். விற்கவில்லை. இது போனில் கத்திச் சொல்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன ஐப்பசி மழையில் நம் கண்மாய் பல வருஷங்களுக்குப் பிறகு நிறைந்ததும், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும் உனக்குத் தெரியும். அதற்குமேல் நடந்ததைச் சொன்னால் கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து ஓடையில் போக வேண்டும். அந்த ஓடையை மூடித்தான் பேரூராட்சி சமுதாயக் கூடம் கட்டியிருக்கிறது. வெள்ளம் வந்தால் ஜனங்கள் தங்குவதற்கு என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மழையில் முதலில் மூழ்கினது அந்தக் கூடம்தான். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி நம் தெருவுக்குள் வந்தது. பேரூராட்சியில் அவசரக் கூட்டம் போட்டார்கள், நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். கூடத்தை உடைத்து ஓடையைத் திறந்துவிடுங்கள், தெருவிலும் வடிந்துவிடும், கண்மாயிலும் நிறைய நிற்கும், கோடைக்கு நம் கிணறுகளுக்கு அதுதான் ஆதாரம் என்றேன். நம் வார்டு மெம்பர் பாண்டியராஜன், ஏம்மா, தை மாசம் பூரா கல்யாணத்துக்குப் புக் ஆயிருக்கு, கூடத்த இடிச்சுப்புட்டா பொண்ணு மாப்ளய உங்க மொட்டை மாடியிலயா உக்கார வைக்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நம் தெருக்காரர்களும்தான். அவர்களுக்குத் தண்ணீர் அன்றைக்கே போக வேண்டும், எங்கே போகிறது என்பது அடுத்த பேச்சு. கண்மாய்க் கரையை வெட்டிவிடுவதாகத் தீர்மானம் ஆயிற்று. அதற்குக் காலனியில் கையெழுத்துப் போடாதவள் நான் ஒருத்திதான்.

கரைக்கு அந்தப் பக்கம் நெல் போடுகிற முத்திருளனை உனக்கு ஞாபகம் இருக்கும், நமக்குப் பால் ஊற்றுவானே. கண்மாய் நிறைந்தால் கரைக்குக் காவல் போடுவது அவர்கள் வழக்கம், பக்கத்து ஊர்க்காரன் வந்து வெட்டிவிடுவான் என்ற பயம். அந்த வருஷமும் கம்பும் கையுமாக நின்றிருக்கிறார்கள். பேரூராட்சி ஜேசிபி வந்ததும், கரையைப் பலப்படுத்தத்தான் அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, வழியில் கிடந்த கல்லை முத்திருளனே புரட்டிப்போட்டு வழிவிட்டானாம். டிரைவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பால் கொண்டுவந்தவன் வாசலிலேயே நின்றான். அம்புட்டுத் தண்ணியும் போச்சு ஆத்தா, வெளியூர்க்காரன் வெட்டியிருந்தா நாலு சாத்து சாத்தியிருப்போம், இவுகள என்ன செய்ய என்று கேட்டான்.

வெட்டின கரை இன்றுவரை வெட்டினபடியே கிடக்கிறது. பேரூராட்சியில் கேட்டால் கண்மாய் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம், அவர்கள்தான் அடைக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே போனால் வெட்டினவர்கள் அடைக்கட்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் என்னை உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. மாசியிலேயே கிணறு வறண்டுவிட்டது. இப்போது லாரித் தண்ணீர், அதுவும் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. மாடிக் குழாய்க்கு அடியில் மழைநீர்த் தொட்டி கட்டினாயே, அது என்ன ஆயிற்று என்று கேட்பாய். நான் ஒழுங்காக ஜல்லியும் மணலும் போட்டுக் கட்டினேன், மற்ற வீடுகளில் அதிகாரி பார்ப்பதற்காகக் குழாயை மண்ணில் நட்டதோடு சரி. ஒரு வீட்டுத் தொட்டியால் ஒரு கிணறு ஊறாது மீனா. போன வாரம் சுற்றுச்சூழல் தினம் என்று காய்ந்த கண்மாய்க்குள் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூமி சூடாகிறது, மழை இனி முறை தவறித்தான் வரும் என்று பாண்டியராஜன் மைக்கில் நன்றாகவே பேசினான், நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டில் இருந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. கன்றுக்கு ஊற்ற ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடுவது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புரோக்கர் வீரணன் ஒரு தம்பதியை அழைத்து வந்தான், தேனிப் பக்கம், பையனுக்குப் பாங்கில் வேலை, அந்தப் பெண் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. உன் அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்புத் தரை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள், எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. தண்ணீர் இருக்கிறதா அம்மா என்று கேட்டாள். இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்று வீரணன் எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தான். கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று என்னைக் கான்வென்டில் பழக்கிவிட்டார்கள். ஐப்பசியில் வீட்டுக்குள் இருக்கும், சித்திரையில் கிணற்றிலும் இருக்காது என்றேன். குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாரோம்மா என்று போய்விட்டார்கள். வீரணன் வாசலில் நின்று, உங்க வீட்ட நீங்களே வித்துக்கங்க என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

அதனால் டிக்கெட் எடுக்காதே. பொய் சொல்லாமல் இந்த வீட்டை விற்க முடியாது, பொய் சொல்லி ஒரு கைக்குழந்தையை இங்கே குடிவைத்துவிட்டு உன் வீட்டில் வந்து எனக்குச் சோறு இறங்காது. கரையை அடைத்துவிட்டால் வேறு கதை, மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் என்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வருவார்கள், கரை அப்படியேதான் இருக்கும். அதற்கடுத்து மழை வரும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, நீண்ட ஆயுளோடு இருங்கள். ஸ்ரீவர்ஷினிக்கு என் முத்தம், அவளைத் தமிழில் நாலு வரி எழுதச் சொல், தப்பைத் திருத்தி அனுப்புகிறேன். ஐப்பசியில் போன் கிடைக்காவிட்டால் பதறாதே, லைன் மூழ்கியிருக்கும். போன மழையில் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்த செங்கல்லை நான் எடுக்கவே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
பா. சூடாமணி