ஒட்டித் தந்த பத்திரிகை

அன்பு மகள் பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தம்பி அஸ்வினும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ பயமில்லாமல் படுத்து எழுந்திருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எப்போதும் நலத்தை விசாரித்துவிட்டு சட்டென்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த ஒரு வரியைத் தாண்டவே அரை மணி நேரம் ஆயிற்று. என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைக் கிழித்துப் போட்டாலும் உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி கண்ணு. நீ என் நம்பரைத் தடுத்துவைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள். கடிதத்தின் தலையில் ஊர், தேதி எதுவும் போடவில்லை, நீ இருக்கும் நாட்டின் பெயரையும் இதில் எங்கும் எழுதப் போவதில்லை.

அன்றைக்கு நீ போனில் சொன்னது ஒரு சொல் விடாமல் காதிலேயே இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் குருபிரசாத் நின்றான், கையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கவர், அத்தையே விலாசம் எழுதிக் குடுத்தாங்க, கையெழுத்தைப் பாரு என்று சிரித்துக்கொண்டே நீட்டினான் என்றாய். ஏழுக்குக் குறுக்கே கோடு போடுறது உன்னைத் தவிர யாரும்மா, நீயே என்னைக் காட்டிக் குடுத்துட்டியே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தக் கவரின் மேல் விலாசத்தை எழுதியது நான்தான், அதை மறுக்க மாட்டேன். யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் எழுதினேன், என்னிடம் பொய் சொல்லி எழுத வைத்தார்கள். பொய் சொன்னது வெளியாள் இல்லை, உன் அப்பா.

உன் நிச்சயதார்த்தத்துக்கு, மாப்பிள்ளையாக இருந்த குருபிரசாத் புதுப் போன் வாங்கிக் கொடுத்ததும், நானே எல்லாம் செட் பண்ணித் தருகிறேன் என்று அதற்குள் நீ எங்கே போகிறாய், யாரிடம் பேசுகிறாய் என்று பார்க்கிற ஆப்பைப் போட்டு வைத்ததும், நீ கண்டுபிடித்து வந்து என் முன்னால் போனை வைத்ததும் எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. நிச்சயத்தை முறித்தபோது நான் உன் பக்கம் நின்றேன். உன் அப்பா மட்டும் ஒரு போனுக்காகவா ஒரு நல்ல சம்பந்தத்தை விடுவாங்க என்று மூன்று வருஷமாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நீ வேலை மாற்றி, ஊர் மாற்றி, நாடு மாற்றிப் போனாய், போன பிறகும் அவன் உன் ஆபீசுக்கே பூங்கொத்து அனுப்பினான் என்றதும் நாம் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே உன்னை இன்டர்நெட்டிலிருந்து துடைக்க ஆரம்பித்தோம். நீ சொல்லிக் கொடுத்தபடி ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலை முடித்துவிட்டு உன் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவேன், வந்ததையெல்லாம் நீல டைரியில் எழுதுவேன். வரன் தேடும் தளத்தில் கிடந்த உன் பழைய விவரம், காலேஜ் பழைய மாணவர் பட்டியல், கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டுகிற ஆப் என்று ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் நிரப்பினேன். பெயரை நீக்க எழுதினால் அந்தப் பெயருக்குரிய ஆள்தானா என்று அடையாள அட்டை கேட்பான், அட்டையில் தேவையில்லாத நம்பரைக் கறுப்படித்து அனுப்பக் கற்றுக்கொண்டேன். ஈக்காட்டுத்தாங்கலில் அந்த நிச்சயதார்த்த வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரன் இன்னா ஆன்ட்டி, சூப்பரா வியூஸ் வந்துகினு கீது, இப்ப போயி தூக்க சொல்றியே என்றான், தூக்குகிற வரைக்கும் அவன் கடை ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நீ பணம் கட்டிச் சேர்ந்த அந்தச் சேவை, விலாசத்தை வாங்கி விற்கிற கம்பெனிகளுக்கெல்லாம் உன் சார்பில் எழுதி அழிக்கச் சொல்லுமே, அதன் போன மாத அறிக்கையை எனக்கு அனுப்பினாய், எல்லா வரியும் பச்சை, எங்கேயும் நீ இல்லை. அன்று நான் கேசரி கிளறினேன். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத உன் விலாசம் நம் மேஜை டிராயரில் அந்த நீல டைரியில் மட்டும் இருந்தது.

அந்தக் கவர் வந்த நாளைச் சொல்கிறேன். சாயங்காலம் அப்பா தி.நகர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார், கையில் பத்திரிகை. பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம், நம்ம பிரியாவுக்கும் ஒரு பத்திரிகை போகணும்னு ஆசைப்படுறாரு, எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது, நீ விலாசத்தை எழுதிக் குடு என்றார். நான் யோசித்தேன், யாருக்கும் தரக் கூடாது என்று பிரியா சொல்லியிருக்கிறாளே என்று கேட்டேன். நான் யாருக்குலா குடுக்கப் போறேன், நானே தபால்ல போடுதேன், அண்ணாச்சி கண்ணுலகூடக் காட்ட மாட்டேன் என்றார். டைரியை எடுத்துப் பார்த்து, பின் கோடு வரைக்கும் சரிபார்த்து, அழகாக எழுதிக் கொடுத்தேன். கவர் ஒட்டியிருந்தது பிரியா. நம் ஆட்களில் யாராவது கல்யாணப் பத்திரிகையை ஒட்டித் தருவார்களா? வாசலில் வைத்துக் கொடுத்தால் பிரித்து, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எந்த மண்டபம் என்று படித்துப் பார்த்து, குடும்பத்தோட வந்துடுறோம் என்று சொல்லித்தானே வாங்குவோம். அதை அன்றே கேட்டிருக்க வேண்டியவள் நான், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

நீ போனை வைத்த பிறகு நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சியா கொடுத்தார், அவர் மகளா, தபால்காரரா என்று ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்தேன். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அழாத, புள்ள கோவத்துல பேசியிருக்கும், சரியாப் போவும் என்று எனக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு நாள் அப்படியே இருந்தார். நான் அண்ணாச்சி கடைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன், அவருக்கு மகளே இல்லை, இரண்டும் பையன்கள், அந்த மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்து கேட்டால் நீ சரியா காதுல வாங்கல, அது வேற அண்ணாச்சி என்று அப்பா மழுப்பினார். நான் என்ன ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை, என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் முகூர்த்த நாள். காலையிலேயே பட்டு வேட்டி கட்டி, புதுக் குத்துவிளக்கு ஜோடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடையாறில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று கிளம்பினார். ஒன்றரை மணி நேரத்தில் விளக்கோடு திரும்பி வந்தார். மண்டப வாசலில் வேறு யாரோ பெயர் போட்ட வளைவு, உள்ளே கேட்டால் குருபிரசாத் என்று அங்கே யாரும் அந்த நாளுக்குப் பதியவே இல்லையாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அப்போதுதான் வாயைத் திறந்தார். அவன் கடைக்குத் தாம்பாளத்தோடு வந்தானாம், காலில் விழுந்தானாம், மாமா எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, பிரியாகிட்ட மன்னிப்பு கேட்டு ஒரு பத்திரிகை அனுப்பினாத்தான் எனக்கு நிம்மதி, விலாசம் மட்டும் எழுதிக் குடுங்க என்றானாம். பத்திரிகையோட வந்து நிக்கிறவன வெறுங்கையோட எப்படி அனுப்ப முடியும், இன்னொருத்தியக் கட்டப் போறவனால என்ன ஆபத்து வரும்னு நெனச்சேன் என்றார். எனக்குத் தெரிந்தால் எழுதித் தர மாட்டேன் என்றுதான் அண்ணாச்சி பெயரைச் சொன்னாராம், எழுதிய கவரை மறுநாளே அவன் கையில் கொடுத்துவிட்டாராம். நீ போனில் அழுதபோதுகூட, நேரில் போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறான், கல்யாணம் நடந்து முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றே இருந்தாராம். அந்தப் பத்திரிகையை எத்தனை அச்சடித்தானோ, இரண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஒன்று இவருக்கு, ஒன்று உனக்கு.

அவன் ஏமாற்றுக்காரன், அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் என் கையையே எடுத்து என் பிள்ளைக்கு எதிராகப் பயன்படுத்தியதை எப்படி ஆறுவேன்? அதைவிட, நீ என்னைத் துரோகி என்று நினைக்கிறாய் என்று தெரிந்தும், தெரிந்தும் பிரியா, பதினோரு நாள் என்னை அழவிட்டுவிட்டு என் கையால் காபி வாங்கிக் குடித்தாரே. இப்போது வேளாவேளைக்குத் தட்டில் போட்டு மேஜையில் வைக்கிறேன், பேசுவதில்லை. கிண்டியில் வேலை முடிந்து வரும் அஸ்வினும் அவர் இருக்கும் அறைக்குப் போவதில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் இரண்டு வரி நானும் எழுதுகிறேன் என்று நேற்றுக் கேட்டார், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், நான் அதற்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீ இருக்கும் நாட்டிலேயே வேலை பார்க்கும் ஃபிசா லீவில் பெசன்ட் நகருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். காலேஜில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நம் வீட்டு இட்லியைச் சாப்பிட்டு வளர்ந்தவள், எனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வாள் என்று நினைத்தேன். அவன்மேல் நீ போலீசில் எழுதிக் கொடுத்ததையும், அந்த வீட்டைக் காலி செய்துவிட்டதையும் சொன்னாள். எங்கே போயிருக்கிறாய் என்று கேட்டதும், தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி, உங்ககிட்டகூட சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன் என்றாள். முகத்தில் அடித்தது போலத்தான் இருந்தது. கடற்கரையில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளையும் திட்டினேன். பிறகு எழுந்து திரும்பவும் அவள் வீட்டுக்குப் போய், அப்படியே இரு, யார் கேட்டாலும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள்தான் இதை உன்னிடம் கொண்டுவந்து தருவாள்.

வீட்டு விலாசத்துக்குப் பதில் தபால் பெட்டி எண் வாங்கிக்கொள்ளலாமாம், ஃபிசா சொன்னாள், வாங்கிக்கொள். புது வீட்டுக் கதவில் பெயர் எழுதாதே, சாமான் வரவழைத்தால் பெட்டியின் மேல் இருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடு. பார்க்காமல் கதவைத் திறக்காதே, நம் பக்கத்து முகம் என்றால் இன்னும் யோசி. வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்கிற பழக்கம் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தேடலை நான் நிறுத்தவில்லை, புது டைரி போட்டிருக்கிறேன், பழையதில் உன் விலாசம் இருந்த தாளை அடுப்பில் வைத்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை ஃபிசாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அது எனக்குப் போதும்.

கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும், தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க முடியாத தூரத்தில் இருக்கிறாய், இந்தக் காகிதத்தில் என் கை பட்ட இடத்தைத் தொட்டுக்கொள். ஒன்றே ஒன்றை மறக்காதே. என்மேல் கோபம் தீர்ந்து நீ திரும்பப் பேசுகிற நாள் வரும், அன்றைக்கு நான் உன் விலாசத்தைக் கேட்பேன், என் சுபாவம் எனக்குத் தெரியும், அழுதுகொண்டேகூடக் கேட்பேன். சொல்லாதே. இந்தக் கவரை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன், மேலே எதுவும் எழுதவில்லை.

உன் அம்மா
ஸ்வர்ணலதா