சரசு என்று கூப்பிட்ட நாள்

பிப்ரவரி 11, புதன்

சரசுவின் வலது கண் மூன்று நாளாகச் சிவந்திருந்தது. வலிக்கிறதா என்று தினமும் கேட்டேன். "இல்லீங்க" என்றாள். நானும் நம்பி ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். இன்று ஊட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் கண்ணிலிருந்து தேயிலைத் தூசியை எடுத்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "தொழுநோய் குணமானாலும் கண்ணுல உணர்ச்சி திரும்பலீங்க. வலிக்குதான்னு கேக்காதீங்க, தினம் நீங்களே கண்ணப் பாருங்க."

இமையும் சரியாக மூடுவதில்லை. அடிக்கடி இறுக்கி மூட வேண்டுமாம். மறக்காமலிருக்க ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ளச் சொன்னார். சரசு யோசிக்கவே இல்லை.

"இவரு என் பேரச் சொல்றப்பல்லாம் மூடிக்கறேனுங்க."

கல்யாணமாகி முப்பது வருஷமாக நான் "ஏ புள்ளே" என்றுதான் கூப்பிடுகிறேன். அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள், கள்ளி.

பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இப்போது படுக்கும் முன் அவள் கண்ணுக்குத் துணி கட்டிவிட்டு, சும்மா ஒருதரம் "சரசு" என்றேன்.

"மூடிட்டேனுங்க."

பாதிதான் மூடியிருக்கும். இன்னொரு தரம் கூப்பிட்டேன்.