எல்லாவற்றையும் கடந்தவருக்கு

பாலன்பூர்,
14 செப்டம்பர் 1994

ஜாக்ருதியின் அப்பாவுக்கு, கஞ்சன் வணக்கத்துடன் எழுதுவது.

இப்படி அழைத்தால் உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். மகள் பிறந்த நாளிலிருந்து உங்களை வேறு எப்படியும் அழைத்ததில்லை. இனியும் வாயில் வராது.

இங்கே நலம். மழை போதும் போதுமென்று பெய்துவிட்டது. பர்யூஷண நோன்பு நாட்களின் உபவாசம் முடிந்து உடம்பு தேறி வருகிறது.

துறவுக்கு மனைவியின் சம்மதம் கேட்டு, குரு மகராஜுடன் இருந்துகொண்டு நீங்கள் அனுப்பும் தாள் மூன்றாவது முறையாக வந்து சேர்ந்தது. கூட வந்த கடிதத்தில் பந்தங்களைக் கடந்துவிட்டேன் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன் அடியிலேயே வெந்தயக் காக்ரா ரொட்டி அனுப்பு, போன தடவை தடிமனாக இருந்தது என்றும் இருக்கிறது. உங்கள் தங்கை வந்து, "அண்ணி, அண்ணன் எல்லாத்தையும் கடந்துட்டாரு, நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க" என்றாள். "கடந்தவருக்குக் காக்ரா மெல்லிசா இருந்தா என்ன, தடியா இருந்தா என்னம்மா?" என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

பர்யூஷணத்தின் கடைசி நாளான சம்வத்சரிக்கு, வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு எழுபது வீட்டுக்குக் கார்டு போட்டிருக்கிறீர்கள். சாக்கடைக் குழாய்க்காக நீங்கள் எட்டு வருஷம் கோர்ட்டுக்கு இழுத்த பக்கத்து வீட்டு ரமணிக்பாய்க்கும் வந்திருக்கிறது. மனிதர் அதைக் கொண்டுவந்து காட்டி அழுதார். உடனே நடியாத்தில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். "எனக்கு எதுவும் வரலம்மா" என்றாள் ஜாக்ருதி. வருமென்று தபால்காரரை வேறு இரண்டு நாள் கேட்டிருக்கிறாள்.

தச்சர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று நான்கு வருஷமாக அவள் முகத்தில் விழிக்கவில்லை நீங்கள். மகராஜ், "எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்றா?" என்றதற்கு "ஆயிற்று" என்றீர்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடப்பது என்றால் ஆற்றில் இறங்கி, நனைந்து, அக்கரை ஏறுவது. இக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அந்தச் சொல் எதற்கு? பயம் என்று சொல்லுங்கள், வீம்பு என்று சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வழியை மறிக்கும் பாவம் எனக்கு வேண்டாம். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் இந்த உறைக்குள் தேடாதீர்கள். அதை ஜாக்ருதியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பகலில் போங்கள். அவள் அடுப்படியில் இருப்பாள். உங்கள் பேத்திக்கு இரண்டு வயது, தாழ்ப்பாள் எட்டுகிறது. அவள்தான் கதவைத் திறப்பாள், யார் என்று கேட்பாள். நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கஞ்சன்